அடித்தகட்டைக் கழற்றினால் தெரிகிற மிக்சர்: ஜீ.எல். 2400

பல மைக்குகளின் சத்தத்தைக் கலந்து தருகிற மிக்சர் வாங்கப் போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே கேள்விகள்தான் இருக்கும். எத்தனை சனல் (ஒவ்வொரு மைக்கின் சத்தமும் போகிற தனி வழி), எஃபெக்ட் இருக்கா, புளூரூத் இருக்கா, யூ.எஸ்.பி. போடலாமா. எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் வன்னியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இதன் அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே எப்படி இருக்கும், இங்கேயே ஒருவரால் திருத்த முடியுமா? அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கிற ஒரு மிக்சரைப் பற்றி எழுதுகிறேன். அலன் அண்ட் ஹீத் கொம்பனியின் ஜீ.எல். 2400, 24 சனல்.

நாங்கள் முரசுமோட்டைப் பக்கம். அப்பா தொடங்கிய தொழிலை இப்போது நானும் தம்பியும் நடத்துகிறோம். வயரும் ஒலிபெருக்கிப் பொக்ஸும் அம்பும் (அம்பிளிஃபயர்) தம்பியின் பொறுப்பு, மிக்சருக்கு முன்னால் நான். கோயில் திருவிழா, பாடசாலைப் பரிசளிப்பு, கலியாணவீடு, சாமத்தியவீடு, கூத்து, சில நேரம் இசைக்குழு. பரந்தனில் தொடங்கி தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று முல்லைத்தீவு வரை அந்த ஏ-35 வீதியோரம்தான் பெரும்பாலும் வேலை. பெரிய வீதி நல்ல வீதி. ஆனால் கோயில்கள் உள்ளுக்குள், கிறவல் ஒழுங்கைகளின் முடிவில் இருக்கும். சில இடங்களுக்கு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றித்தான் சாமான் போகும். ஆடி, ஆவணியில் சோளகக் காற்று எழும்பினால் செம்மண் தூசி மிக்சரின் மேல் ஒரு படையாக வந்து படியும். நல்ல துணியால் மூடினாலும், சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளுகிற ஃபேடரின் இடுக்குக்குள் போய்விடும். இந்த நிலத்தில் எந்த மிக்சரும் பழுதாகும். பழுதான பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

இதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது வேறொரு கொம்பனியின் 16 சனல் மிக்சர், கடையில் புதிதாக வாங்கியது. சத்தத்துக்குக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கலியாணவீட்டில் மணவறைக்கு முன்னால் வைத்த மைக்கின் சனல் செத்துப்போனது. திறந்து பார்த்தால் 16 சனலும் ஒரே போர்ட்டில், அதாவது பாகங்களைச் சோல்டர் பண்ணின ஒரே சுற்றுப்பலகையில். அந்தப் போர்ட்டை வெளியே எடுக்க வேண்டுமானால் மேலே இருக்கிற அத்தனை நொப்பையும் பிடுங்க வேண்டும், பின்பக்கத்து ஜக் எல்லாவற்றின் நட்டையும் கழற்ற வேண்டும். நொப்புக்குக் கீழே இருக்கிற கொன்ரோல்களுக்கு நட்டே கிடையாது. தண்டுகள் மேல் தகட்டின் ஓட்டைகளுக்குள்ளால் சும்மா நீட்டிக்கொண்டு நின்றன. யாராவது பெட்டியோடு இடித்தால் அந்த இடி நேரே சோல்டரில்தான் விழும். அங்கேதான் வெடித்தும் இருந்தது. அதைத் திருத்தி மூட, இன்னொரு சனல் போனது. விற்ற இடத்தில் முழுப் போர்ட்டும் மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த விலைக்கு இன்னொரு மிக்சரே வாங்கலாம்.

ஜீ.எல். 2400 கொழும்பில் ஒரு மண்டபத்தில் ஓடிய பழைய சாமான். இப்போது புதிதாக வருவதில்லை, கைமாறித்தான் கிடைக்கும். அலன் அண்ட் ஹீத் 1969 இல் இங்கிலாந்தில் தொடங்கிய கொம்பனி, இப்போது கோர்ன்வோலில் பென்ரின் என்ற ஊரில் இருக்கிறது. இந்த மிக்சரில் 4 குரூப் (சில சனல்களைச் சேர்த்து ஒன்றாக ஏற்றி இறக்க), 6 ஒக்ஸ் (ஒவ்வொரு சனலிலிருந்தும் வேண்டிய அளவைத் தனியாக வெளியே எடுக்க), இடது வலது வெளியீட்டோடு மோனோ, அதற்கு மேல் மற்றிக்ஸ் வெளியீடு 4 (கலந்த சத்தத்தை வெவ்வேறு இடத்துக்கு வெவ்வேறு அளவில் அனுப்ப). ஃபேடர் 100 மில்லிமீற்றர் நீளம். வாங்குவதற்கு முன்னால் நான் இவற்றை எல்லாம் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பார்த்தேன். ஆனால் விற்றவரிடம் முதலில் கேட்டது ஒரு ஸ்குரூட்ரைவர்.

அடித்தகட்டைக் கழற்றியதும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு சனலுக்கும் ஒரு தனி போர்ட், புத்தக அலுமாரியில் புத்தகம் அடுக்கினது போல நெட்டுக்கு நிற்கிறது. ஒவ்வொரு கொன்ரோலும் மேல் தகட்டோடு நட்டுப் போட்டு இறுக்கியிருக்கிறது. நொப்பில் அடி விழுந்தால் அதை இரும்புத் தகடு வாங்கிக்கொள்ளும், சோல்டருக்குப் போகாது. சனல்களில் இருந்து வருகிற சத்தம் எல்லாம் தட்டையான ரிப்பன் கேபிள் வழியாக, எல்லாவற்றையும் சேர்க்கிற மாஸ்ரர் பகுதிக்குப் போகிறது. ஒரு சனல் பழுதென்றால் அந்தச் சனலின் நொப்களை இழுத்தெடுத்து, நட்டுகளையும் பின்பக்கத்துத் திருகாணிகளையும் கழற்றி, ரிப்பனை விடுவித்தால் அந்தப் போர்ட் மட்டும் கையோடு வரும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதன் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது 7ஆம் சனல் பழுதானபோதுதான். பாடசாலைக் கூட்டுப்பாடலுக்கு கொண்டென்சர் மைக் ஒன்றை அதில் போட்டிருந்தோம். பிள்ளைகளின் குரல் அரைவாசியாகக் கேட்டது, கொஞ்சம் பலமாகப் பாடினால் கிழிந்தது, பின்னணியில் மெல்லிய உம் என்ற இரைச்சல். மின்சாரம் தேவைப்படாத சாதாரண டைனமிக் மைக்கை அதே சனலில் போட்டால் சத்தம் வந்தது, அந்த உம் மட்டும் கொஞ்சம் இருந்தது.

கிளிநொச்சியில் ரேடியோ, அம்ப் திருத்துகிற ஐயா ஒருவர் இருக்கிறார். 1990களில் வன்னிக்கு மின்சாரம் இல்லை, பெற்றறி கொண்டுவரத் தடை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். அந்த நேரத்தில் தொழில் பழகியவர். புதுப் பாகம் வாங்க வழியே இல்லாத இடத்தில் பழகியதால், எதையும் மாற்றுவதற்கு முன்னால் எது நல்லதென்று அளந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு. அவரிடம் மிக்சரை முழுதாகவே கொண்டுபோனோம்.

“பிள்ளை, மூடியைக் கழட்ட முதல் மைக்கையும் கேபிளையும் மாத்திப் பாத்தனியோ?”

“ஓம் ஐயா, ரெண்டையும் மாத்தியாச்சு. அதே கேபிள் 8இலை நல்லா வேலை செய்யுது.”

“அப்ப சரி. 48ஐ அமத்து.”

அவர் மல்ரிமீற்றரை மில்லி அம்பியருக்கு மாற்றினார். 7ஆம் சனலில் மைக் குத்துகிற, மூன்று முனை உள்ள எக்ஸ்.எல்.ஆர். துவாரத்தில் 1ஆம் முனைக்கும் 2ஆம் முனைக்கும் நடுவே வைத்தார். 7 மில்லி அம்பியர். பிறகு 1க்கும் 3க்கும் நடுவே. ஒன்றுமே இல்லை. அவ்வளவுதான், பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது. மூடி இன்னும் கழற்றவே இல்லை.

இதை விளக்கமாகவே சொல்கிறேன், எந்தக் கொம்பனியின் மிக்சருக்கும் பொருந்தும். கொண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் வேண்டும். அது அதே மைக் கேபிளின் இரண்டு கம்பிகள் வழியாகவே போகிறது, அதனால்தான் அதற்கு பான்ரம் பவர் என்று பெயர். 48 வோல்ட் என்ற எண் வந்த கதையும் சுவையானது. 1966 இல் நொய்மன் கொம்பனி நோர்வே வானொலிக்கு மைக் செய்து கொடுத்தபோது, அங்கே கட்டடத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள், அதுவே உலக வழக்காகிவிட்டது. மிக்சருக்குள் இந்த 48 வோல்ட், 2ஆம் முனைக்கு ஒரு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்ரர் வழியாகவும் 3ஆம் முனைக்கு இன்னொரு 6.8 கிலோ ஓம் வழியாகவும் போகும். 48ஐ 6800ஆல் பிரித்தால் 7 மில்லி அம்பியர். மீற்றரை நேரே வைக்கும்போது அந்த ரெசிஸ்ரர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் எதுவும் எரியாது. இரண்டு முனையிலும் ஒரே அளவு வர வேண்டும். ஒன்றில் குறைந்தாலோ வராமல் விட்டாலோ அந்தப் பக்கத்து ரெசிஸ்ரரோ சோல்டரோ கெட்டுவிட்டது. வோல்ட்டில் வைத்து அளந்தால் பல நேரம் இது பிடிபடாது. சுமை இல்லாதபோது, மதிப்பு மாறிப்போன ரெசிஸ்ரரும் 48 வோல்ட்டைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

உம் இரைச்சலுக்கும் காரணம் அதுவேதான். பலன்ஸ் லைன் என்பது இரண்டு கம்பியும் எல்லா வகையிலும் சமமாக இருந்தால்தான் வேலை செய்யும். வெளியே இருந்து வருகிற மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சம அளவாக ஏறும், மிக்சரின் முதல் நிலை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். ஒரு பக்கத்து ரெசிஸ்ரர் விலகினால் சமநிலை போய்விடும், கழியாமல் மிஞ்சியது காதுக்கு வரும்.

போர்ட்டை எடுத்துப் பார்த்தால் ரெசிஸ்ரர் நல்லது, ஒரு காலின் சோல்டரில் மயிரிழை போல ஒரு வட்ட வெடிப்பு. ஐயா பழைய ஈயத்தை உறிஞ்சியெடுத்துப் புதிதாகப் பிடித்தார். திரும்ப 1க்கும் 3க்கும் நடுவே வைத்தார், 7 மில்லி அம்பியர். அதோடு விடாமல் அந்தப் போர்ட்டில் இருந்த மற்றச் சோல்டர்களையும் பூதக்கண்ணாடியால் ஒருமுறை பார்த்தார். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கும்போது மிக்சர் வண்டியில் ஏறிவிட்டது.

பழைய மிக்சரில் இந்த ஒரு சோல்டருக்கு அரைநாள் பிரிப்பும் அரைநாள் பூட்டும் ஆகியிருக்கும். பிரிக்கும்போது நாலு ஜக் வேறு ஆட்டம் கண்டிருக்கும்.

அடுத்து அடிக்கடி வருவது, சனலின் நடுவில் வெளிப் பெட்டி ஒன்றை இணைக்க இருக்கிற இன்சேர்ட் ஜக்கின் தொல்லை. ஒரு சனல் திடீரென்று மங்கிப்போகும், தகட்டில் ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப வரும். பலர் உடனே மைக்கைக் குறை சொல்வார்கள், அல்லது ஃபேடரைப் பிடித்து ஆட்டுவார்கள். இன்சேர்ட் துவாரத்தில் எதுவும் குத்தாதபோது, சனலின் சத்தம் அந்த ஜக்குக்குள் இருக்கிற ஒரு சின்ன வில் தகட்டின் தொடுகையால்தான் அடுத்த நிலைக்குப் போகிறது. வருடக்கணக்காக யாரும் அந்தத் துவாரத்தைப் பாவிப்பதில்லை. தூசியும் ஈரமும் சேர்ந்து அந்தத் தொடுகையைக் கறுக்கப் பண்ணிவிடும். கண்டுபிடிக்க இலகுவான வழி: ஒரு ஸ்ரீரியோ ஜக் எடுத்து, அதன் நுனியையும் நடு வளையத்தையும் ஒரு துண்டு வயரால் ஒன்றாகச் சோல்டர் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மங்கின சனலின் இன்சேர்ட்டில் அதைக் குத்தினதும் சத்தம் முழுதாக வந்தால் பழுது அந்தத் தொடுகைதான். திருவிழா நடுவில் அந்த ஜக்கை அப்படியே விட்டுவிட்டு நிகழ்ச்சியை முடிக்கலாம். பிறகு ஆறுதலாக கொன்ராக்ட் கிளீனர் அடித்து, ஜக்கைப் பல தடவை குத்தி இழுத்தால் கறுப்பு உரசுப்பட்டுப் போகும். என் பெட்டியில் அந்த ஜக் எப்போதும் இருக்கும், சிவப்பு ரேப் சுற்றி.

மைக்கின் சத்தத்தை முதலில் பெருக்குகிற கெயின் நொப்பைத் திருப்பும்போது கரகர என்றால் எல்லாரும் தூசி என்றே நினைப்பார்கள். பாதி நேரம் அதுதான். கிளீனர் அடித்தும் போகவில்லை என்றால் கொன்ரோலைக் குற்றம் சொல்லாதீர்கள். கெயின் கொன்ரோலோடு தொடராக ஒரு பெரிய எலெக்ரோலிற்றிக் கப்பாசிற்றர் இருக்கும், நேரோட்ட மின்னை (டி.சி.) தடுக்க. அது வயதாகிக் கசியத் தொடங்கினால் கொன்ரோலின் மேல் டி.சி. வந்து நிற்கும், திருப்பும்போது அதுதான் கரகரக்கும். கப்பாசிற்றரை மாற்றினால் போய்விடும். 24 சனல் மிக்சர் ஒன்றுக்குள் இந்த வகைக் கப்பாசிற்றர் நூற்றுக்கணக்கில் இருக்கும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய தேவை இல்லை. பவர் சப்ளையில் இருப்பவைதான் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்து முதலில் வற்றும். சூடு 10 பாகை கூடினால் அதன் ஆயுள் அரைவாசியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மாற்றும்போது 85 பாகை என்று எழுதினதை வாங்காமல் 105 பாகை உள்ளதை வாங்குங்கள். விலை வித்தியாசம் பெரிதில்லை. வெயிலில் தகரப் பந்தலுக்குக் கீழே மிக்சர் எப்படிக் கொதிக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

ஃபேடரைப் பற்றி ஒரு வேண்டுகோள். கதவுப் பிணைச்சலுக்கும் துருவுக்கும் அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை ஃபேடருக்குள் அடிக்காதீர்கள். அடித்தவுடன் வழுவழுவென்று போகும், சந்தோசமாக இருக்கும். ஆனால் அது உள்ளே இருந்த பழைய கிரீஸைக் கழுவிவிட்டு எண்ணெய்ப் பசையை விட்டுவிட்டுப் போகும், அடுத்த திருவிழாவின் தூசி முழுக்க அந்தப் பசையில் வந்து ஒட்டும். மென்மையான பிரஷால் தூசி எடுத்து, ஃபேடருக்கென்றே விற்கிற கிளீனரைக் கொஞ்சமாகப் பாவித்தால் போதும்.

உப்புக் காற்று வேறு கதை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் நேரம் அந்தப் பக்கம் தண்ணீர்ப் பந்தலுக்குச் செட் போட்டால், நந்திக்கடல் காற்று இரவு முழுக்க மிக்சரின் மேலால் போகும். முல்லைத்தீவுக் கரையில் வேலை செய்துவிட்டு வந்த பிறகு ரிப்பன் கேபிள்களை ஒருமுறை கழற்றித் திரும்பப் பூட்டுவது எங்கள் வழக்கம். எல்லாச் சனலிலும் ஒரே நேரத்தில் உம் கேட்டாலோ, ஒரு குரூப் மட்டும் விட்டு விட்டு வந்தாலோ நான் முதலில் பார்ப்பது ரிப்பனைத்தான். காரணம் இருக்கிறது. 24 சனலின் சத்தமும் ஒவ்வொரு ரெசிஸ்ரர் வழியாக ஒரே கம்பியில் வந்து விழ, அந்தக் கம்பியின் முடிவில் ஒரு ஐ.சி. (பெருக்கிச் சில்லு) அவற்றைக் கூட்டுகிறது. எல்லா ரெசிஸ்ரரும் சம மதிப்பென்றால் அந்த ஐ.சி.யின் சொந்த இரைச்சல் 25 மடங்கு பெருகும், ஏறத்தாழ 28 டெசிபல். அந்தப் பாதையின் எர்த் தொடுகை கொஞ்சம் கெட்டாலும் அதுவும் சேர்ந்து பெருகும். ஒரு சனலில் வருகிற பழுதையும் கூட்டுகிற இடத்தில் வருகிற பழுதையும் பிரித்து அறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எர்த் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிட்டுப் போகிறேன். உம் கேட்டவுடன் பிளக்கில் எர்த் முனையை வெட்டுகிற பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மைக் பிடித்துப் பாடுகிற பிள்ளையின் கை இரும்பில்தான் இருக்கிறது. அம்பில் ஒரு ரான்ஸ்போமர் கசிந்தால் அந்த எர்த் முனைதான் அவளைக் காப்பாற்றும். மிக்சருக்கும் அம்புக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். அதற்குப் பிறகும் உம் இருந்தால், மிக்சரிலிருந்து அம்புக்குப் போகிற பலன்ஸ் கேபிளின் ஷீல்டை (கம்பிகளைச் சுற்றியிருக்கிற வலையை) அம்ப் பக்கத்தில் மட்டும் விடுவித்துப் பாருங்கள், அல்லது நடுவில் ஒரு ஐசொலேசன் ரான்ஸ்போமர் போடுங்கள். கரண்ட் பிளக்கின் எர்த்தில் மட்டும் கை வைக்கக்கூடாது.

கரண்டைப் பொறுத்தவரை இந்த மிக்சருக்குப் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. ஆர்.பி.எஸ். 11 என்ற தனிப் பெட்டியை வெளியிலிருந்து மாற்று ஏற்பாடாகப் பூட்டவும் பின்னால் ஒரு இணைப்பு உண்டு. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும். எங்களிடம் அந்தப் பெட்டி இல்லை, கிடைத்தால் வாங்குவேன். கோயில் ஜெனரேற்றரில் பூட்டுவதற்கு முன்னால் தம்பி மீற்றர் வைத்துப் பார்ப்பான். 230க்கு எவ்வளவோ மேலே ஏறி நிற்கிற ஜெனரேற்றர்களை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம், மேடை விளக்குகளை அணைத்தவுடன் இன்னும் ஏறும். காற்றுத் துவாரங்களுக்கு உள்பக்கம் மெல்லிய கம்பிவலை ஒட்டியிருக்கிறோம். பல்லியும் எறும்பும் சூட்டுக்குப் போய்ப் படுக்கிற இடம் பவர் சப்ளைதான்.

இனி சத்தம். திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் ஒரே மேடையில் இருக்கும்போது மிக்சரின் தரம் தெரியும். தவிலுக்குக் கெயினை நன்றாகக் கீழே இறக்கினாலும் அடி தெளிவாக, கிழியாமல் வருகிறது. 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற சுவிட்ச் மைக் சனல்களில் இருப்பதால் ஐயர் மந்திரம் சொல்கிற மைக்கில் காற்றின் இடியும் மேடைப் பலகையின் அதிர்வும் ஏறுவதில்லை. எனக்கு இந்த மிக்சரில் மிகவும் பிடித்தது நடுப்பகுதி ஈகியூ, அதாவது சத்தத்தின் குறிப்பிட்ட அலைகளை மட்டும் ஏற்றி இறக்குகிற கொன்ரோல். நடு அலை இரண்டையும் வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். கூத்துக்கு இது பெரிய உதவி. முல்லைத்தீவுப் பக்கத்துக் கூத்தில் ஆட்டக்காரர் களரி முழுக்க ஆடி ஓடுவார்கள், கையில் மைக் கிடையாது, மேலே தொங்கவிட்ட மைக்குகள்தான். கொஞ்சம் ஏற்றினால் கூவத் தொடங்கும். கூவுகிற அலையைத் தேடிப் பிடித்து அந்த இடத்தை மட்டும் இறக்கினால், கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரின் குரல் கெடாமல் இன்னும் கொஞ்சம் ஏற்ற இடம் கிடைக்கும். நடு அலை ஒரே இடத்தில் நிலையாக நிற்கிற மிக்சரில் குரலையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

மற்றிக்ஸ் வெளியீடு முதலில் எனக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. இப்போது அது இல்லாமல் திருவிழா செய்ய மாட்டேன். மண்டபத்துப் பொக்ஸுக்கு ஒன்று, வீதியோரக் குழாய் ஒலிபெருக்கிகளுக்கு ஒன்று, அன்னதான மடத்துக்கு ஒன்று, நேரலைக் கமராவுக்கு ஒன்று. இன்றைக்கு எந்தக் கோயிலிலும் நேரலை உண்டு. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்ச்சனம் விடிய விடிய விழித்திருந்து பார்க்கும். அவர்களுக்குத் தவில் எவ்வளவு, மந்திரம் எவ்வளவு என்பதை வீதிக்குப் போகிற அளவோடு கட்டாமல் தனியாக வைக்கலாம். போனில் கூப்பிட்டு “பிள்ளை, சத்தம் நல்லா வருது” என்று ஒரு அம்மா சொன்னால் அந்த இரவின் அலுப்புத் தெரியாது.

குறைகளும் உண்டு. பாரம், தனியே தூக்க முடியாது. பெட்டியோடு சேர்த்தால் வண்டியில் பெரிய இடம் பிடிக்கும். எஃபெக்ட் உள்ளே கிடையாது, பாட்டுக்காரர் எதிரொலி கேட்டால் தனிப் பெட்டி வேண்டும். சின்னக் கலியாணவீட்டுக்கு இதைக் கொண்டுபோவது வீண், அதற்கு நாங்கள் வேறு சின்ன மிக்சர் வைத்திருக்கிறோம். இசைக்குழுக்களோடு மட்டும் வேலை செய்கிறவர், ஒவ்வொரு நிகழ்ச்சியின் அமைப்பையும் சேமித்துத் திரும்ப எடுக்க வேண்டியவர், டிஜிட்டல் வாங்குவதுதான் சரி. அவற்றில் இருக்கிற வசதிகள் இதில் வரவே வராது. ஆனால் அவற்றின் போர்ட்டில் அரிசிமணியிலும் சின்னப் பாகங்கள் நெருக்கமாக இருக்கும், கெட்டால் போர்ட்டையே மாற்றுவதுதான் பெரும்பாலும் வழி, அந்தப் போர்ட் கிளிநொச்சிக்கு வந்து சேரும்வரை தொழில் நிற்கும். திருவிழாக் காலத்தில் அப்படி நிற்க எங்களால் முடியாது.

பழையது ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால் பகலில் போங்கள், ஒரு மைக், ஒரு கேபிள், ஒரு மீற்றர், நான் சொன்ன அந்த சிவப்பு ஜக், இவற்றோடு போங்கள். ஒவ்வொரு சனலிலும் 48ஐ அமத்தி இரண்டு முனையையும் அளந்து பாருங்கள். ஒவ்வொரு கெயினையும் அடியிலிருந்து நுனி வரை திருப்பிக் கேளுங்கள். எல்லா ஒக்ஸும் எல்லா குரூப்பும் வெளியே வருகிறதா என்று பாருங்கள். மாஸ்ரர் பகுதியில் பழுதிருந்தால் விலையை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு சனல் இரண்டு சனல் செத்திருந்தால் அதற்காக நல்ல மிக்சரை விட்டுவிட்டு வராதீர்கள், அவை திருத்தக்கூடியவை. பயனர் கையேட்டில் சத்தம் போகிற பாதையைக் காட்டுகிற வரைபடம் இருக்கும், அதைப் பெரிதாக அச்செடுத்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். பாகங்களுக்குக் கொழும்பு போகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். என்.ஈ. 5532 போன்ற ஐ.சி.களில் போலி நிறையச் சுற்றுகிறது. மற்றவற்றை விட எவ்வளவோ மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். வாங்கினதையும் ஐ.சி. சொக்கெற் போட்ட ஒரு சின்னப் போர்ட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்த பிறகுதான் மிக்சரில் சோல்டர் பண்ணுங்கள்.